சென்னையிலிருந்து புனேவுக்கு வீடு மாற்ற: தனி லாரியா, ஷேரிங்கா, விற்றுவிட்டுப் போவதா?

சென்னையிலிருந்து புனேவுக்கு வீட்டுச் சாமானை ஏற்றிப்போக எவ்வளவு ஆகும் என்று நான்கு பேக்கர்ஸ் கம்பெனிகளிடம் கேட்டால் 25 ஆயிரத்தில் தொடங்கி 75 ஆயிரம் வரை நான்கு பதில் வரும். பார்த்தவுடன் 25 ஆயிரம் சொன்னவர் நல்லவராகத் தெரிவார். ஆனால் நான்கு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்வதில்லை. ஒருவர் உங்களுக்கென்று தனி லாரி தருகிறார். இன்னொருவர் உங்கள் சாமானை வேறு மூன்று வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றப்போகிறார். மூன்றாமவர் பேக்கிங்கைச் சேர்க்கவில்லை, நான்காமவர் ஜிஎஸ்டியைச் சொல்லவே இல்லை. ஆக, விலையை ஒப்பிடும் முன் எந்த வழியில் போகப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்க லாரிக்காரரைவிட முக்கியமாகத் தெரிய வேண்டியது இரண்டு: புனேவில் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள், போய் இறங்கிய முதல் மாதம் கையில் எவ்வளவு பணம் இருக்கும்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. கணவன், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. வேலை புனேவின் ஐடி பகுதியான ஹிஞ்சவடிக்கு மாறுகிறது, அதனால் அதை ஒட்டிய வாகட் பக்கம் வீடு பார்க்கிறார்கள். சாமான் என்று பார்த்தால் ஃப்ரிட்ஜ், முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், ஒரு ஸ்பிளிட் ஏசி, தேக்குக் கட்டில் ஒன்று, பிளைவுட்கூட இல்லாத அட்டைப் பலகைக் (பார்ட்டிகிள் போர்டு) கட்டில் ஒன்று, ஸ்டீல் பீரோ, சோபா, சாப்பாட்டு மேசை, டிவி, கிரைண்டர், பெட்டி பெட்டியாகப் புத்தகம், ஒரு ஸ்கூட்டர், ஒரு கார். கீழே வரும் விலைகள் இந்த வீட்டை மனதில் வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. உங்களுக்குச் சொல்லப்படும் விலை மாதத்தையும் மாடியையும் லிஃப்ட் இருக்கிறதா இல்லையா என்பதையும் பொறுத்து மாறும்.

முதலில் கன அடி

லாரியில் நீங்கள் வாங்குவது இடம். வீட்டுச் சாமானைப் பொறுத்தவரை எடை பெரிய பிரச்சினையே இல்லை, புத்தகம் மட்டும் விதிவிலக்கு. 14 அடி ஐஷர் லாரியின் உள்ளே உயரமும் அகலமும் ஆறு ஆறு அடி என்று வைத்தால் ஏறக்குறைய 500 கன அடி கிடைக்கும். நம் எடுத்துக்காட்டு வீட்டுச் சாமான் முழுவதும் அதில் நெருக்கிப் பிடித்து அடங்கும். தனி லாரிக்கு 55 ஆயிரம் கொடுக்கிறோம் என்றால் ஒரு கன அடிக்கு 110 ரூபாய். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், பல சாமான்கள் வேறு மாதிரி தெரியும்.

ஃப்ரிட்ஜ் பேக்கிங்கோடு 28 கன அடி பிடிக்கும், அதாவது மூவாயிரம் ரூபாய் இடம். ஐந்து வருடப் பழைய ஃப்ரிட்ஜ் விற்றால் ஆறோ ஏழோ ஆயிரம் வரும், புதிது வாங்க 25 ஆயிரத்துக்கு மேல். யோசிக்கவே வேண்டாம், ஏற்றலாம். வாஷிங் மெஷின் 15 கன அடி, அதுவும் ஏற்ற வேண்டியதுதான். ஆனால் முன்பக்கம் திறக்கும் மெஷினாக இருந்தால், வாங்கியபோது பின்பக்கத்திலிருந்து கழற்றிக் கொடுத்த நீளமான போல்ட்டுகள் எங்கே என்று இப்போதே தேடுங்கள். டிரம்மை அசையாமல் பிடிப்பவை அவை. அவற்றை மாட்டாமல் 1,200 கிலோமீட்டர் குலுங்கினால் டிரம் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். பெரும்பாலான வீடுகளில் அந்தப் போல்ட் இருக்காது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் கிடைக்கும்.

சோபா கதை வேறு. மூன்று பேர் உட்காரும் சோபா ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம்: 58 கன அடி, அதாவது 6,400 ரூபாய். ஆறு வருடம் பிள்ளை குதித்து விளையாடிய சோபாவுக்கு அந்தச் செலவு தகாது. அட்டைப் பலகைக் கட்டிலும் அலமாரியும் அப்படியே. ஆன்லைனில் வாங்கிய அந்தச் சாமான்களை ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகாணி பிடித்த ஓட்டை தளர்ந்துவிடும். கழற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடி மாட்டினால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். தேக்குக் கட்டிலையும் ஸ்டீல் பீரோவையும் தாராளமாகக் கொண்டுபோகலாம். பீரோவுக்குள் துணியை அடுக்கிப் பூட்டினால் அந்த இடமும் வீணாகாது, லோடுமேன்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

ஏசியில்தான் பலர் கணக்குத் தவறுகிறது. இடம் அதிகம் பிடிக்காது. ஆனால் இங்கே கழற்ற ஒரு கூலி, அங்கே மாட்ட ஒரு கூலி, நீளம் போதாத செம்புக் குழாய், ஸ்டாண்டு, போகிற வழியில் கசிந்தால் கேஸ் என்று சேர்த்தால் ஐந்தாறு ஆயிரத்தைத் தொடும். மூன்று வருடத்துக்கு உட்பட்ட ஏசி என்றால் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் சென்னையிலேயே விற்பது மேல். புனேவின் வெயில் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் கடுமை. சென்னையில் ஏசி இல்லாமல் இருக்க முடியாது என்ற பழக்கத்தில் அங்கேயும் முதல் நாளே மாட்ட வேண்டியதில்லை. கிரைண்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது கூடவே வந்தாக வேண்டும். கல்லை மட்டும் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

இப்படிக் கழித்துப் பார்த்தால் 500 கன அடி வீடு 300 கன அடிக்கு வந்துவிடும். இனிமேல்தான் வழிகளை ஒப்பிட முடியும்.

தனி லாரி

சென்னையிலிருந்து புனே வரை தேசிய நெடுஞ்சாலை 48 ஒன்றே போதும். வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா, புனே. சுமார் 1,200 கிலோமீட்டர். 14 அடி லாரி லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் கொடுத்தால் 160 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலே 14,700 ஆகிவிட்டது. அப்புறம் டோல், டிரைவர் பேட்டா, மூன்று நான்கு நாள் வண்டி வாடகை. புனேவிலிருந்து ரிட்டர்ன் லோடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குறைத்தாலும் வண்டிக்கு மட்டும் 25 ஆயிரத்துக்குக் கீழே போக வழியில்லை. இதற்கு மேல் அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், இங்கே ஏற்ற நான்கு பேர், அங்கே இறக்க நான்கு பேர், கம்பெனி லாபம். 45 முதல் 60 ஆயிரம் வரை நியாயமான விலை. அதன்மேல் ஜிஎஸ்டி.

இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "தனி லாரி, பேக்கிங்கோடு 22 ஆயிரம்" என்று ஒருவர் போனில் சொன்னால், டீசல் கணக்கே அவர் சொல்வது நடக்காது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று, அது ஷேரிங். இல்லையென்றால் சாமான் ஏறிய பிறகு விலையும் ஏறும். பாதி வீடு லாரியில், பாதி தெருவில் இருக்கும்போது யாரும் பேரம் பேச முடியாது.

தனி லாரியின் பெரிய லாபம் நாள் கணக்கு. ஏற்றிய நான்காம் நாள் பொருள் வந்துவிடும் என்று பெருமளவு நம்பலாம். சாமானை வழியில் இறக்கி ஏற்றுவதில்லை, அதனால் உடைவதும் காணாமல்போவதும் குறைவு. பெரிய லாரிகளுக்கு இரண்டு ஊரிலுமே பகலில் நகருக்குள் கட்டுப்பாடு உண்டு என்பதால் ராத்திரி ஏற்றி ராத்திரி இறக்க வேண்டி வரலாம். புனேவில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொசைட்டி விதிப்படி மாலைக்குப் பிறகு சாமான் இறக்க விடமாட்டார்கள். சர்வீஸ் லிஃப்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், சில இடங்களில் குடிவரும் கட்டணமும் கேட்பார்கள். இதை வீட்டுக்காரரிடம் வீடு பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

இதே வழியில் ஒரு சின்ன வகை இருக்கிறது, பேக்கர்ஸ் கம்பெனிகள் தாமாகச் சொல்வதில்லை. கழித்துக் கட்டிய பிறகு 300 கன அடிதான் என்றால் ஒரு பிக்கப் வண்டியே போதும். பொலீரோ பிக்கப், தோஸ்த் மாதிரி. டீசல் கிட்டத்தட்ட 100 லிட்டரில் முடிந்துவிடும், வண்டி வாடகை 28 முதல் 32 ஆயிரத்துக்குள் பேசலாம், நகருக்குள் நுழைவதும் சுலபம். பேக்கிங்கை நீங்களே செய்ய வேண்டும், ஏற்ற இறக்க ஆளை நீங்களே பிடிக்க வேண்டும். அதற்கு ஏழெட்டு ஆயிரம் ஒதுக்குங்கள். வண்டிக்கு கர்நாடகா, மகாராஷ்டிரா போகும் பர்மிட் இருக்கிறதா, டிரைவர் அந்த வழியில் போய்ப் பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறை ஒன்றுதான்: மேலே தார்பாய். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கோலாப்பூர், சாத்தாரா பக்கம் பெய்யும் மழைக்குத் தார்பாயை நம்பி மெத்தையும் டிவியும் ஏற்றக் கூடாது. மற்ற மாதங்களில், சாமானைக் குறைத்துக்கொண்ட சின்னக் குடும்பத்துக்கு இதைவிடக் கட்டுப்படியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஷேரிங்

300 கன அடியை ஷேரிங்கில் பேக்கிங்கோடு அனுப்ப 28 முதல் 36 ஆயிரம். உங்கள் வீட்டு வாசலில் சின்ன வண்டி வரும், மாதவரம் பக்கம் ஏதாவது ஒரு கோடவுனில் இறக்கும். புனேவுக்குப் போகும் பெரிய கண்டெய்னர் நிறையும் வரை அங்கே காத்திருக்கும். புனேவில் மறுபடி ஒரு கோடவுன், மறுபடி சின்ன வண்டி. ஒரு முறை ஏற்றி இறக்க வேண்டிய பொருள் மூன்று முறை ஏறி இறங்குகிறது. எட்டு நாளில் வரலாம், பதினைந்து நாளும் ஆகலாம்.

தனி லாரியைவிட 20 ஆயிரம் மிச்சம் என்று தோன்றும். அந்தப் பத்து நாள் நீங்கள் எங்கே தூங்கப்போகிறீர்கள்? நாளுக்கு 2,500 ரூபாய் அறை என்றால் பத்து நாளில் 25 ஆயிரம், அதோடு மூன்று வேளை ஓட்டல் சாப்பாடு. மிச்சம் பிடித்தது போய் மேலே கையிலிருந்தும் போகும். வெறும் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம் என்றால் பணம் மிஞ்சும், பிள்ளை பள்ளி தொடங்கியிருந்தால் அந்த மிச்சம் சண்டையில் முடியும். கம்பெனி இரண்டு வாரம் கெஸ்ட் ஹவுஸ் தருகிறது, அல்லது குடும்பம் சென்னையில் மாமியார் வீட்டில் இருக்கிறது, ஒருவர் மட்டும் முன்னால் போகிறார் என்றால் ஷேரிங் அருமையான வழி. மற்றவர்களுக்கு அது காகிதத்தில் மட்டுமே மலிவு.

விற்றுவிட்டுப் போவது

பெரிய சாமானை எல்லாம் சென்னையிலேயே விற்றுவிட்டு, துணி, பாத்திரம், புத்தகத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அங்கே மாத வாடகைக்கு எடுப்பது. ரெண்டோமோஜோ, ஃபர்லென்கோ மாதிரி கம்பெனிகள் புனேவில் கட்டில், சோபா, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வாடகைக்குத் தருகின்றன. நம் ஆட்கள் பலருக்கு இது மனதுக்கு ஒப்பாது. கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த பீரோவை எப்படி விற்பது? விற்க வேண்டாம், அதை ஊரில் போட்டுவிட்டுப் போங்கள். மற்றதைக் கணக்காகப் பார்ப்போம்.

தனி லாரியில் எல்லாவற்றையும் கொண்டுபோனால் 55 ஆயிரம், 18% ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 65 ஆயிரம். விற்றால் 40 ஆயிரம் கைக்கு வருகிறது, சின்னச் சாமான் அனுப்ப 15 ஆயிரம் போகிறது, நிகரம் 25 ஆயிரம் வரவு. இரண்டுக்கும் இடைவெளி 90 ஆயிரம். வாடகைச் சாமானுக்கு மாதம் நான்காயிரம் என்றால் அந்த 90 ஆயிரம் தீர 22 மாதத்துக்கு மேல் ஆகும். ஆக, இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடுவோம் என்பது உறுதியானால் விற்றுவிட்டுப் போவதே லாபம். லாரியில் கொண்டுபோனவர் திரும்பி வர இன்னொரு 65 ஆயிரம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் கணக்கு மாறிவிடும். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஒரு நாற்காலிகூட உங்களுடையது இல்லை.

விற்பதில் ஒரு எச்சரிக்கை: கடைசி வாரத்தில் விற்றால் 40 ஆயிரம் 20 ஆயிரம் ஆகிவிடும். வீடு காலி செய்யும் தேதி வாங்க வருபவருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் அவர் பக்கம்தான். ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். சோபா முதலில், ஃப்ரிட்ஜ் கடைசியில்.

ரயில்

சென்னையிலிருந்து ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாக மும்பை போகும் ரயில்கள் புனேவில் நிற்கின்றன. பயணம் ஏறத்தாழ இருபது மணி நேரம். முழு வீட்டையும் ரயிலில் அனுப்ப நினைப்பது வீண் வேலை, ஃப்ரிட்ஜும் மர சாமானும் பார்சல் பெட்டியில் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அனுப்ப மாட்டார்கள். ஆனால் இரண்டு விஷயத்துக்கு ரயிலை மிஞ்ச ஆள் இல்லை: ஸ்கூட்டரும் புத்தகமும்.

ஸ்கூட்டரை பார்சல் ஆபீசில் பதிவு செய்ய ஆர்சி, இன்ஷூரன்ஸ், ஆதார் நகல்கள் வேண்டும். பெட்ரோலைச் சொட்டு இல்லாமல் காலி செய்திருக்க வேண்டும். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டித் தர ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்கள் உண்டு. பேரம் பேசாமல் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் போகிற அதே ரயிலில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகவும் அனுப்பலாம், டிக்கெட் இல்லாமல் பார்சலாகவும் அனுப்பலாம். கட்டணமும் கட்டும் கூலியும் சேர்ந்து மூவாயிரத்தைச் சுற்றி முடியும். பேக்கர்ஸ் கம்பெனி இதற்கே ஐந்தாறு ஆயிரம் கேட்கும். புனே போய்ச் சேர்ந்த பிறகு உடனே எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் மணிக் கணக்கில் ஏறும்.

புத்தகமும் பாத்திரமும் சாக்கில் தைத்து அனுப்பலாம். இன்னொன்று, நீங்கள் ரயிலில் போவதாக இருந்தால் ஆளுக்குரிய இலவச எடை அனுமதியை மறக்காதீர்கள்: மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ. விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். குடும்பமாக விமானத்தில் பறந்து மிச்சத்தை லாரியில் ஏற்றுவதைவிட, குடும்பமாக ரயிலில் போனால் நான்கைந்து பெரிய பெட்டிகள் லாரியிலிருந்து குறைந்துவிடும். ரயில் பிடிக்காதவர்கள் விஆர்எல் போன்ற லாரி பார்சல் சர்வீசில் கோடவுனில் கொடுத்து கோடவுனில் எடுத்துக்கொள்ளலாம். ஹூப்ளி அவர்கள் ஊர் என்பதால் இந்தத் தடத்தில் வண்டி நிறைய ஓடுகிறது.

காரை என்ன செய்வது

ஓட்டிப் போனால் பெட்ரோல் 75 லிட்டர், டோல், ஹூப்ளியிலோ தாவண்கரேயிலோ ஒரு ராத்திரி, எல்லாம் சேர்ந்து 15 ஆயிரத்துக்குள். காரின் பின்சீட்டில் டிவியையும் கிரைண்டர் கல்லையும் வைத்துக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் வசதி. கார் கேரியரில் அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே விலைதான். செலவு அதில் இல்லை, பதிவெண்ணில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சென்னை ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, மகாராஷ்டிராவில் வண்டியின் வயதுக்கேற்ப வரி கட்டி, அப்புறம் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். முதலில் அங்கே கட்டு, பிறகு இங்கே வாங்கு என்பதுதான் முறை, அதனால் அந்தப் பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் என்ஓசி வேறு. என்னைக் கேட்டால், எட்டு வருடத்துக்கு மேற்பட்ட காரைச் சென்னையில் விற்றுவிட்டு புனேவில் எம்எச் நம்பர் பழைய கார் வாங்குவது நிம்மதி. புதிய கார் வாங்கப்போகிறீர்கள், கம்பெனிக்கு நான்கு மாநிலத்திலாவது அலுவலகம் இருக்கிறது என்றால் மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்ற வேண்டாத, 2021-இல் வந்த பிஎச் வரிசைப் பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

லாரியைவிடப் பெரிய செலவு

லாரிக்கு ஐந்தாயிரம் குறைக்க ஒரு வாரம் பேரம் பேசுபவர்கள் இந்தப் பகுதியை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். வாகடில் மாத வாடகை 28 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். புனேவில் டெபாசிட் பொதுவாக இரண்டு மூன்று மாத வாடகை, மூன்று என்றால் 84 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 28 ஆயிரம். முதல் மாத வாடகை 28 ஆயிரம். சாவி கையில் வருவதற்குள் 1,40,000.

மகாராஷ்டிராவில் லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற 11 மாத வாடகை ஒப்பந்தம்தான் வழக்கம், அதைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத் தீர்வை பெரிய தொகை இல்லை. மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10% வட்டியைச் சேர்த்து, அதில் 0.25%. நம் கணக்கில் 800 ரூபாய்க்குள் அடங்கும். நகர்ப்புறத்தில் பதிவுக் கட்டணம் ஆயிரம். ஆன்லைனில் செய்து தரும் ஏஜென்ட் இதற்கு மேல் தன் கூலியைக் கேட்பார். வீட்டுக்காரர் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு கட்டுவது என்பதை முன்பே பேசிவிடுங்கள். குடியேறுபவர் விவரத்தைக் காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் வேலையும் இதோடு சேர்ந்து வரும்.

சென்னை அட்வான்ஸ் திரும்பி வந்ததும் இதைக் கட்டிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்சை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் பழைய வழக்கப்படி ஐந்து, பத்து மாதம் கொடுத்தவர்கள் இன்னும் ஏராளம். வீட்டுக்காரர் அடுத்த ஆள் வந்த பிறகு தருகிறேன் என்பார், பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பணம் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் புனேவில் இரண்டாம் மாத வாடகை கட்டியிருப்பீர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒன்றிரண்டு வாரம் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டி வருவதையும் சேர்த்தால், எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குப் போக்குவரத்து நீங்கலாகவே கையில் 1,75,000 ரொக்கம் இருக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைக் கட்டணம் தனி. இந்தத் தொகை கையில் இல்லாதவர்களுக்குப் பிக்கப்பும் ரயிலும் சரிப்படும். தனி லாரி வேண்டாம்.

கேசையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, இணைப்பை முடித்துக்கொண்டதற்கான டெர்மினேஷன் வவுச்சரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புனேவில் பல குடியிருப்புகளில் எம்என்ஜிஎல் குழாய் கேஸ்தான். அப்படியென்றால் அடுப்பின் ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கும், புது சிலிண்டர் டெபாசிட் தேவையில்லை.

எந்த மாதம், எந்த நாள்

ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லோரும் பள்ளிக்காக மாறுகிறார்கள், விலை உச்சத்தில் இருக்கும். மாதக் கடைசியும் முதல் வாரமும் அப்படியே. பிள்ளை சிபிஎஸ்இ பள்ளியில் படித்தால் புனேவில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும். மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டப் பள்ளி ஜூன் நடுவில்தான். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் அங்கே மராத்தி கட்டாயப் பாடம் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆடி மாதம் சென்னையில் வீடு மாற்றத் தயங்குபவர்கள் அதிகம் என்பதால் விலை பேச இடம் கிடைக்கும், ஆனால் அது புனேவில் நல்ல மழைக்காலம். ஆடியில் போவதென்றால் மூடிய கண்டெய்னர் மட்டுமே. பள்ளிப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய், புதன் நல்ல நாள். சென்னை மழையில் ஏற்றுவதுதான் தொல்லை.

பில், வரி, இன்ஷூரன்ஸ்

பேக்கிங், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த ஒரே பில்லுக்கு 18% ஜிஎஸ்டி. பில் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்கிறேன் என்பார்கள். கம்பெனி செலவைத் திருப்பித் தருகிறது என்றால் பில் இல்லாமல் ஒரு ரூபாயும் வராது. பணிமாற்றத்துக்காகக் கம்பெனி தரும் பயண, பேக்கிங், போக்குவரத்துப் படிக்கு, செலவழித்த அளவுக்கு வருமான வரி விலக்கும் உண்டு, அதற்கும் பில்தான் ஆதாரம். வங்கி, பொதுத்துறை ஊழியர்களிடம் ஐபிஏ பட்டியலில் உள்ள டிரான்ஸ்போர்ட்டின் பில் கேட்பார்கள். விளம்பரத்தில் ஐபிஏ என்று போட்டிருப்பதை நம்பாமல் இந்திய வங்கிகள் சங்கத்தின் தளத்தில் உள்ள பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணையும் அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வழியில் போன் வரும்: "சார், பார்டர்ல டாக்ஸ் கேக்கறாங்க, ஆக்ட்ராய் கட்டணும்." ஆக்ட்ராய் என்பது ஊருக்குள் நுழையும் சரக்குக்கு முன்பு வாங்கிய வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அப்படி எதுவும் இல்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும் (சரக்கு எடுத்துப்போக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) தேவையில்லை. பணம் அனுப்பாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் என்று பில்லில் ஒரு வரி போட்டு, சாமான் மதிப்பில் இரண்டு மூன்று சதவீதம் வாங்குவார்கள். அது பெரும்பாலும் கம்பெனி தானே ஏற்கும் பொறுப்புக்கான கட்டணம்தான், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி இல்லை. பாலிசி எண்ணும் சான்றிதழும் கேளுங்கள். கொடுத்தால் பணம் கொடுங்கள். சாமானை ஏற்றியதற்கு லாரி கம்பெனி தரும் எல்ஆர் சீட்டில் "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதமானால் பொறுப்பு சாமானுக்கு உரியவருடையது) என்று அச்சடித்திருந்தால் அதைக் கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். நகை, பத்திரம், சான்றிதழ் எதற்கும் எந்த லாரியிலும் பாதுகாப்பு இல்லை, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், மீதியை இறக்கிய பிறகு. பெட்டிகளுக்கு எண் போட்டு, ஏற்றும்போது ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பட்டியலின் ஒரு பிரதியில் டிரைவரின் கையெழுத்தை வாங்குங்கள். புனேவில் இறக்கும்போது எண்ணிப் பார்த்து, உடைந்ததையும் வராததையும் டெலிவரி சீட்டிலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்து. ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது சாமான் வந்த தேதியிலிருந்து இல்லை, ஏற்ற புக் செய்த தேதியிலிருந்து. எல்ஆர் சீட்டில் அந்தத் தேதி சரியாக இருக்கிறதா என்று ஏற்றும் அன்றே பார்த்துவிடுங்கள்.